ரெண்டாம் பாகத்துல நான் கொல்லாத ரூம்மேட்

என்னைப் பார்த்தா கொலை பண்றவ மாதிரியா இருக்கு? கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கற எங்க நண்பனுக்கு அப்படித்தான் தோணியிருக்கு. அவனுக்குப் படம் எடுக்கற வெறி. ரூம்மேட் மேல பைத்தியமா ஒட்டிக்கிட்டு, அவ துணியையே போட்டு, அவளை மாதிரியே ஜடை பின்னி, அவ போன்ல இருக்கற நம்பரையெல்லாம் அழிக்கற ஒரு பொண்ணோட கதை. அந்தப் பைத்தியம் நான். மாட்டிக்கிட்டு முழிக்கறவ என் நிஜ ரூம்மேட். சம்பளம், ஆளுக்கு ஒரு பரோட்டா பார்சல். துவாக்குடியில காலேஜ் பசங்க தங்கற ரூம் ஒண்ணுல எடுத்து யூடியூப்ல போட்டான். ஊரே பார்த்துச்சு. முசிறியில வாழைத்தார் ஏலத்துல எங்கப்பாகிட்ட ஒருத்தர், "அந்தக் கொலைகாரி உங்க பொண்ணுதானுங்களே?"ன்னு கேட்டாராம். அப்பாவுக்குப் பெருமை தாங்கலை.

அப்புறம் என்ன, ரெண்டாம் பாகம்! "முதல் பாகத்துலயே நான் கொள்ளிடம் பாலத்துலேருந்து குதிச்சுச் செத்துட்டேனேடா?"ன்னு கேட்டேன். "ஆத்துல தண்ணி எங்க இருந்துச்சு? மணல்லதான் விழுந்தே. பொழைச்சுக்கிட்டே"ன்னான்.

அதே வாரம் என் ரூம்மேட்டுக்குச் சென்னையில வேலை கிடைச்சுது. நல்ல வேலை. "சூப்பர்டி!"ன்னு கத்திக் கட்டிப்பிடிச்சேன். அப்புறம் பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். திருச்சிக்கு வேலைக்கு வந்ததுலேருந்து ஸ்ரீரங்கத்துல ஒரே மாடியில ஒண்ணாக் குடியிருக்கோம். காலையில காப்பி அவ பொறுப்பு, ராத்திரி பாத்திரம் என் பொறுப்பு. சண்டை ரெண்டு பேருக்கும் பொது. போகாதேடின்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். சொல்றதுக்கு நான் யாரு? அவ கிளம்பறதுக்குள்ள படத்தை முடிச்சாகணும்னு டைரக்டர் வேற குதிச்சுக்கிட்டிருந்தான்.

காசு இல்லாததால ஷூட்டிங் எங்க மாடியிலயே. கீழ் வீட்டு ஓனர் மாமி, "பேஷா எடுங்கோ"ன்னு சொல்லியிருந்தாங்க. நான் கத்தியை ஓங்கி "கொன்னுடுவேன்"னு கத்தின முதல் நாளே, மூச்சு வாங்க மாடி ஏறி வந்துட்டாங்க.

"விளக்கேத்தற நேரத்துல என்னடிம்மா பேச்சு இது? பெருமாள் எழுந்தருளற வீதி. நடிப்புக்குக்கூட இந்த வாசப்படிக்குள்ள யாரும் சாகப்படாது, சொல்லிட்டேன்."

ஆக, கொலை முக்கொம்பு அணைப் பார்க்குக்குப் போச்சு. என் ரூம்மேட்டைப் பெண் பார்க்க வந்தவனா டைரக்டரே நடிச்சான். அவனைத்தான் நான் குத்தணும். பின்னால ஊஞ்சல்ல குழந்தைங்க. பக்கத்துல ஒரு குடும்பம் எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு. "பார்த்து ஓங்கும்மா, தம்பி கண்ணுல பட்டுடப் போகுது"ன்னு அந்தம்மா அக்கறையா சொன்னாங்க. செத்துக் கிடந்த டைரக்டர் சிரிச்சுட்டான்.

அடுத்து, என் ரூம்மேட் உயிருக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடற சீன். பெட்டியைத் தூக்கிக்கிட்டு, "நான் போறேன்! இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"னு அலறணும். அலறினா. படிக்கட்டுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த மாமி கையை நீட்டித் தடுத்துட்டாங்க.

"போறேன்னு சொல்லப்படாது. போயிட்டு வரேன்னு சொல்லு."

"மாமி, அவ கொலைகாரிகிட்டேருந்து தப்பிச்சு ஓடறா!"ன்னு டைரக்டர் கத்தினான்.

"ஓடட்டும். யார் வேண்டாம்னா? சொல்லிட்டு ஓடட்டும்."

வேற வழி? படத்துல அப்படியேதான் இருக்கு. பதறியடிச்சு ஓடறவ வாசல்ல நின்னு, திரும்பி, "போயிட்டு வரேன்"ங்கறா. வயிறு வலிக்கச் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது, இன்னும் கொஞ்ச நாள்ல நிஜமாவே கிளம்பிடுவாளேன்னு தோணுச்சு. எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு.

கிளைமாக்ஸுக்கு டைரக்டர் புது யோசனை கண்டுபிடிச்சான். அவ சென்னைக்குக் கிளம்பறதையே படம் பிடிச்சுடலாமாம். செலவு மிச்சமாம். "ஸ்டேஷன் தூணுக்குப் பின்னால நின்னு வெறியோட முறைக்கணும். ஒரே டேக். உனக்காக ரயில் திரும்பி வராது."

காலை ரயில் வந்துச்சு. அவ ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தா. நான் தூணாவது முறைப்பாவதுன்னு ஓடிப்போய், பையில ஒளிச்சு வச்சிருந்த புளியோதரை டப்பாவை ஜன்னல் கம்பி வழியா நீட்டினேன்.

"ரயில்ல விக்கறதை வாங்கித் தின்னாதே. தண்ணி இருக்கா? போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டுத் தூங்காதே, சனியனே." மூக்கு ஒழுகுது, துடைக்கக்கூட தோணலை. அவளும் அழுதா. "ஏய், நீ கொலைகாரி! கொலைகாரி!"ன்னு பின்னால டைரக்டர் கத்த, பிளாட்பாரமே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. ரயில் போயிடுச்சு.

வேற காட்சி இல்லாததால அதையே போட்டுட்டான். கீழ வந்த கமெண்ட்டைப் பார்க்கணுமே! "அந்த டப்பாவில என்ன கலந்திருக்கா?" "அழுதுக்கிட்டே விஷம் கொடுக்கறா பாரு, குலை நடுங்குது." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நல்லெண்ணெய் மிதக்க, வேர்க்கடலை வறுத்துப் போட்டு, விடியறதுக்கு முன்னால எழுந்து கிளறினது. அதுலயா விஷம்?

உடனே அவளுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "விஷமெல்லாம் அருமையா இருந்துச்சுடி. பாதியை இங்க புது ரூம்மேட்டுக்குக் கொடுத்தேன். பாவம், நல்ல பொண்ணு."

"அவளுக்கு எதுக்குக் கொடுத்தே? நான் உனக்குத்தானே கட்டிக் கொடுத்தேன்?"

என் குரல் எனக்கே பயமா இருந்துச்சு. அந்தப் பக்கம் ஸ்பீக்கர்ல ஒரு புதுக் குரல், "அக்கா, சத்தியமா இனிமே தொட மாட்டேங்க்கா!"

மூணு பேரும் சிரிச்சோம். சிரிச்சு ஓய்ஞ்சதும், மாடியில அவ இடத்துக்கு வேற ஆள் பார்த்துட்டியான்னு மெதுவா கேட்டா. நாளைக்கு ஒரு பொண்ணு வந்து பார்க்கறா, வாடகையை நான் ஒருத்தியா கொடுக்க முடியுமான்னேன்.

ஸ்பீக்கரை அணைச்சுட்டு, போனை வாய்க்கிட்ட கொண்டு வந்து சொன்னா: "வரட்டும். ஆனா என் கட்டில்ல அவளைப் படுக்க விட்டே, அவ்வளவுதான்."