கத்தி படாத மீன்

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் குடியிருந்த புஸ்பராணிக்கு மீன் வெட்டுவதுதான் வேலை. 1984இல் கனடா வந்த கையோடு ஒரு மீன்கடையில் சேர்ந்தவர். ஐஸில் கிடக்கும் மீனைக் கண்ணை மூடித் தடவினாலே பெயர் சொல்லிவிடுவார். மீனில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவரது எண்ணம்.

கணவர் மகேஸ்வரனுக்குத் தூண்டில் பைத்தியம். ஒஷாவாவில் அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் மீன் பிடிக்க ஏற்ற ஓர் ஓடைக்குக் காகிதத்தில் வழி கீறிக் கொடுத்தார். 1987 மே மாதத்து ஞாயிறொன்றில் இருவரும் வடக்கே காரோட்டிப் போய், காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தார்கள். ஒரே எட்டில் தாண்டக்கூடிய ஓடை.

"உதுக்குள்ள என்ன மீன் இருக்கப்போகுது?" என்று சிரித்தார் புஸ்பராணி.

ஓடையோடு மேலே ஏறியதும் சிரிப்பு நின்றது. கொப்புகளையும் சேற்றையும் அடுக்கி, ஆள் உயரத்துக்கு ஓர் அணை. அதன் பின்னால் தேத்தண்ணி நிறத்தில் தெளிந்த குளம்.

"ஆர் கட்டினது?"

"பீவர் எண்டொரு மிருகம். பல்லாலை மரத்தை அரிஞ்சு விழுத்திக் கட்டுறது."

புஸ்பராணி நம்பவில்லை. பக்கத்தில் கூராக நின்ற அடிக்கட்டையைத் தடவினார். பல் தடம் விரலில் பட்டது.

மகேஸ்வரன் கரையெல்லாம் நடந்து தூண்டில் போட்டார். அவர் நிழல் விழுந்ததுமே மீன்கள் மறைந்தன. புஸ்பராணி அணையோரம் குந்தியிருந்து, புழுக் கோத்த தூண்டிலை மெல்ல விட்டு அசையாதிருந்தார். வெடுக்கென்று இழுத்தது.

வந்தது ஒரு சாண் நீளம்கூட இல்லாத புறூக் ட்றவுட் என்னும் ஓடைமீன். கரும்பச்சை முதுகில் கிறுக்கிவிட்டது போல் கோடுகள். விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி நீல வளையம். செம்மஞ்சள் வயிறு. செட்டைகளுக்கு வெள்ளைக் கரை. உள்ளங்கையில் அது துடித்தது.

"கத்தியை எடும், பொரிப்பம்," என்றார் மகேஸ்வரன்.

"நான் வெட்டமாட்டன்."

"நாள் முழுக்க மீன் வெட்டுறனீர், உதுக்கென்ன?"

"அதெல்லாம் செத்து வாறது. இப்பிடி ஒண்டை நான் ஒருநாளும் காணேல்லையப்பா."

கையோடு தண்ணீருக்குள் இறக்கினார். மீன் ஒரு மூச்சு நேரம் உள்ளங்கையிலேயே நின்று, பிறகு போயிற்று.

அடுத்த கணம் குளத்தில் 'படார்' என்றொரு அடி. இருவரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். வாலால் அறைந்து முங்கிய பீவர், தூரத்தில் தலையை நீட்டி அவர்களைப் பார்த்தது. வெயில் சாயும்வரை அவர்கள் எழும்பவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வசந்தமும் போனார்கள். 1989இல் வெள்ளம் அணையை நடுவால் பிளந்திருந்தது. குளம் சேறாய்க் கிடந்தது. புஸ்பராணி அழுதேவிட்டார். மூன்று கிழமை கழித்துத் திரும்பப் போனபோது பிளவு அடைபட்டிருந்தது. பீவர் பூசிய சேறு இன்னும் ஈரம். நிரம்பிய தண்ணீரில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.


"பாத்தீங்களே!" என்றார் புஸ்பராணி.