என்னைக் கணக்கிலிருந்து எடுத்த மருமகள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மூட்டை தூக்கி, சொந்தமாக நாலு லாரி ஓட்டியவன் நான். என் மருமகளோ மூளையைப் படம் பிடித்துக் கணக்குப் போடுகிறவள். இந்தச் சம்பந்தத்தை முடித்தவன் நான்தான். அதனால் அவளைப் பற்றி எழுத எனக்குத்தான் தகுதி.

ஆளை ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைப்பார்கள். மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று மெஷின் பார்க்கும். அந்தப் படத்தைச் சர்க்கரைக்கட்டி மாதிரி ஆயிரக்கணக்கான துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு கணக்குப் போடுவாள். அத்தனை துண்டு இருந்தால் சிலது குருட்டாம்போக்கில் மின்னத்தான் செய்யும், அதில் ஏமாறக்கூடாது என்பாள். சாப்பாட்டு மேசையில் இதை ஆரம்பித்தால் என் மகன் எழுந்து போய்விடுவான். நான் உட்கார்ந்து கேட்பேன்.

பாராட்டைக் கேட்டால் மூளை என்ன செய்கிறது என்று ஒரு ஆராய்ச்சி. இருபது பேரில் ஒரு ஆள் குறைந்தது, நான் போனேன். காதில் ஒரு குரல் விட்டு விட்டு, 'அருமையாச் செஞ்சீங்க' என்றது. நியாயமான குரல்.

முடிவில் மூளையில் ஒரு இடம் பளிச்சென்று வந்தது. ஆராய்ச்சியை நடத்திய புரொபசருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரை வெளிவந்தால் மருமகளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாதத்தோடு வீட்டுக்கு.

அவள் சும்மா இருந்தாளா? ஒவ்வொருத்தராக விலக்கிவிட்டு மறுபடி மறுபடி கணக்குப் போட்டாள். யாரை விலக்கினாலும் அந்த இடம் அப்படியே இருந்தது. என்னை விலக்கியதும் அணைந்துவிட்டது. தலை அசைவைக் காட்டும் வரைபடத்தை என் முன்னால் வைத்தாள்.

"மாமா, பாராட்டு வர்றப்பல்லாம் நீங்க தலையாட்டியிருக்கீங்க. மின்னினது மூளை இல்ல, தலை நகர்ந்திருக்கு."

"சரியாச் சொன்னவனுக்கு வேற எப்படிம்மா பதில் சொல்றது?"

ஒரே ஆள்தானே, கண்டுகொள்ளாதே என்றாராம் புரொபசர். இவள் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எழுந்து, அந்த முடிவு செல்லாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கட்டுரை போனது, நிரந்தர வேலையும் போனது. புரொபசர் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு, இனி எல்லார் கணக்கையும் நீயே சோதித்துக் கொடு என்று ஒரு வருஷம் நீட்டித்தார்.

எனக்கு வருத்தமா என்று மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். பத்தொன்பது மூளையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போனவனுக்கு என்ன வருத்தம் என்றேன். அவன் திரும்பி என் மருமகளைப் பார்த்தான்.

"கணக்குப்படி அது உண்மைதாங்க" என்றாள்.