பட்டாளத்து லைன்

கார்கிலில் சண்டை நடந்த வருடம் நான் ஏரல் பஜாரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். இப்போது கேட்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்போது அது அரண்மனை. ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், சிவப்பு எழுத்து ஓடும் மீட்டர், தலைக்கு மேல் கடகடவென்று சத்தம் போடும் சின்ன மின்விசிறி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பம்பாயில் இருந்த சித்தப்பாவுடன் பேச வேண்டுமென்றால் தபாலாபீசில் டிரங்க் கால் பதிந்துவிட்டுப் பொழுது சாய்கிறவரை பெஞ்சில் காத்துக் கிடப்போம். கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் மறுநாள். அதே ஊரில் பட்டம் படித்த ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண்களைத் தட்டினால் அந்த நிமிஷமே பம்பாய் பேசுகிறது. நாடு எங்கே முன்னேறுகிறது என்று யாராவது இழுத்தால், "என் பூத்துக்கு வந்து பாரும்" என்பேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான். பஜாரில் கடை வைத்த பொம்பளைக்கு அது தேவையாகவும் இருந்தது.

எனக்கு எதிர்த்தாற்போல் பாத்திரக் கடை. அதன் அண்ணாச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். பித்தளை அண்டாக்களுக்கு நடுவே ஒரு டி.வி. வைத்திருந்தார். சண்டை தொடங்கியதிலிருந்து செய்தி நேரத்தில் பஜாரே அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். அண்ணாச்சி ராணுவ மந்திரி ரேஞ்சில் விளக்கம் சொல்வார். எந்த மலையில் எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வல்லநாட்டு மலையைத் தவிர வேறு மலையை அவர் ஏறிப் பார்த்ததில்லை என்று சொன்னால் கோபம் வரும். ஆட்டோக்களிலும் வாழைத்தார் ஏற்றிப்போன டிராக்டர்களிலும் சின்னச் சின்னக் கொடிகள் பறந்தன. வெற்றிலைக் கடைக்காரர் ஜவான்கள் நிதிக்கு உண்டியல் வைத்தார். எனக்கும் உடம்பெல்லாம் புல்லரித்துக் கிடந்த காலம் அது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

ஏரலுக்கு அந்தச் சண்டையில் சொந்தமாக ஒரு பங்கு இருந்தது. பஜாருக்குப் பின்தெருவில் இருந்த ஒரு பெண்ணின் கணவர் பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்து அவர் கிளம்பியபோது அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம். பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவரை அந்தச் சண்டை பிடித்துக்கொண்டது. சித்திரைக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அவள் கடிதம் போட்டாள், அவளுடைய அப்பா தந்தி கொடுத்தார். இரண்டும் அவரைத் தேடி எந்த மலையில் திரிந்தனவோ, வைகாசி முடிகிற சமயத்தில் அவரிடமிருந்து வந்த கடிதத்தில், "பிரசவம் ஆச்சா? பிள்ளை என்ன? நீ நல்லாயிருக்கியா?" என்று கேட்டிருந்தார். பிறகு அதுவும் இல்லை. டி.வி.யில் தினமும் சவப்பெட்டிகளைக் காட்டினார்கள். அவள் அந்த நேரத்தில் பஜார் பக்கமே வரமாட்டாள்.

அவர் ஊருக்குப் பேசுவது எப்போதும் என் பூத்துக்குத்தான். என் நம்பரை எழுதிப் பக்கத்தில் பி.பி. என்று போட்டு வைத்திருப்பவர்கள் ஊரில் பாதிப்பேர். போன் வந்தால் ஆளைக் கூப்பிட்டுவிடுவது எனக்குப் பழக்கம்.

ஆனி மாதம் ஒருநாள், மணி ஆறிருக்கும், போன் அடித்தது. எடுத்தால் கரகரவென்று இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"அக்கா, ஏரல் பூத்தா? நான்தாங்க்கா, பட்டாளத்துல இருந்து பேசுதேன். அவளக் கொஞ்சம் கூப்பிடுதியளா? இப்பதான் மலையில இருந்து கீழ எறக்கியிருக்காவ. பின்னால பெரிய வரிசை நிக்குது. கொஞ்ச நேரந்தான் தருவாவ."

பிள்ளை பிறந்ததைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அது அவள் சொல்ல வேண்டிய சேதி. "தம்பி, வச்சிராதீய, இந்தா கூட்டிட்டு வாரேன்" என்றேன். லைன் போய்விடக் கூடாதே என்று எதிர்க்கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தேன். "பட்டாளத்துத் தம்பி பேசுதாரு. நான் வாரதுவரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இரும்" என்று சொல்லிவிட்டுப் பின்தெருவுக்கு ஓடினேன்.

அவள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஈரத்தோடு துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஓடிவந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை.

வந்து பார்த்தால் என் பூத்தைக் காணோம். அத்தனை கூட்டம். ரிசீவர் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. "ஏலே தம்பி, ஒண்ணுக்கும் அசராத! ஊரே ஒன் பின்னாடி நிக்குது, விடாத லே!" என்று அண்ணாச்சி முதலில் முழங்கியிருக்கிறார். அடுத்து வெற்றிலைக் கடைக்காரர் உண்டியல் விவரம் சொல்லியிருக்கிறார். டீக்கடைக்காரர் அங்கே பனி எப்படி என்று விசாரித்து, சுக்குக் கருப்பட்டி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். உரக்கடைக்காரர் கையில் ரிசீவர் இருந்தபோது நான் ஆட்களைப் பிடித்துத் தள்ளி வழி செய்தேன். அவள் ரிசீவரை வாங்கி, "நான்தான்..." என்றாள். அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

கொஞ்ச நேரம் அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"பிள்ள பிறந்தத அவியகிட்ட யாராவது சொன்னியளா?"

அண்ணாச்சி வெற்றிலைக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் டீக்கடைக்காரரைப் பார்த்தார். முன்னால் பேசியவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள். ஒருத்தரும் சொல்லவில்லை. "வீட்டுல எப்படி இருக்காவ, வீட்டுல எப்படி இருக்காவன்னு எல்லார்கிட்டயும் கேட்டான்" என்றார் உரக்கடைக்காரர். "எல்லாரும் சுகம், நீ கவலைப்படாதன்னு சொன்னோம்."

அவள் துண்டோடு பிள்ளையை மார்பில் அணைத்துக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்குப் பதிலாக நான் திட்டினேன். "நாட்டுப்பற்றாம் நாட்டுப்பற்று! பெத்த தகப்பனுக்குப் பிள்ள பிறந்த சேதி சொல்லத் துப்பில்ல, இதுல கார்கில பிடிக்கப் போறாவளாம்!" என்று பஜார் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அன்றைக்கு ராத்திரிச் செய்திக்கு அண்ணாச்சி டி.வி.யைப் போடவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இனிமே சாயங்காலம் அந்த நேரத்துல ஒன் போன யாரும் தொடக் கூடாது. அவன் எப்பக் கூப்பிட்டாலும் லைன் காலியா இருக்கணும். பஜார்ல சொல்லிட்டேன்" என்றார்.

நான் கேட்காமலே ஒரு அட்டையில் எழுதி மாட்டியும் விட்டார். மாலையில் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வியாபாரமே. இருந்தாலும் மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. மதுரை மார்க்கெட்டுக்கு வாழைத்தார் விலை கேட்கத் தவறாமல் வருகிற கமிஷன் கடைக்காரர், அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஸ்டாண்ட் பூத்துக்கு நடந்தார். தூத்துக்குடியிலிருந்து வந்த வெளியூர்க்காரர் ஒருவர், போன் சும்மாதானே கிடக்கிறது என்று சண்டைக்கு வந்தார். "சும்மா கிடக்கலவே, காத்துக் கிடக்கு" என்று டீக்கடைக்காரர் அவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். அவர் டீயைக் குடித்துவிட்டு, பேசாமலேயே ஊருக்குப் பஸ் ஏறினார். நாட்டுக்காக யார் யாரோ என்னென்னவோ செய்த மாதம் அது. எங்கள் பஜார் வாயை மூடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவள் தினமும் பிள்ளையோடு வந்து கூண்டுக்குள் ஸ்டூலில் உட்காருவாள். முதலில் நான்தான் போய் அழைத்து வந்தேன். பிறகு அவளாகவே வந்தாள். யாரும் கிட்டே வரமாட்டார்கள். எதிரே அண்ணாச்சி செய்தியை ஒலியில்லாமல் படமாக மட்டும் ஓடவிட்டிருப்பார். மினி பஸ்காரர்கள் எங்கள் கடையைத் தாண்டுகிறவரை ஹாரன் அடிக்கமாட்டார்கள். அவர்களிடம் யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆடி பிறந்தது. காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. அவளே எடுத்தாள்.

"நான்தான். நல்லாருக்கேன்" என்றாள். பிறகு, நான் நாள் நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த அந்த வார்த்தையை அவள் சொன்னாள். "நமக்குப் பொம்பளப் பிள்ள பிறந்திருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. "அழாதிய" என்று அவள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. "மூக்கு ஒங்க மூக்குதான். மடியிலதான் கிடக்கா. தூங்குதா" என்று பேசிக்கொண்டே வந்தவள், ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அவ சத்தத்தக் கேக்கணுமாம்."

பிள்ளையோ நல்ல தூக்கம். பாதத்தில் சுண்டினாள், கன்னத்தைத் தட்டினாள். அது உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி தூங்கிற்று. தூங்காமல் என்ன செய்யும்? ஏரல் பஜாரில் அப்படியொரு அமைதியை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நான் கதவைத் திறந்து எதிர்க்கடையைப் பார்த்து, "அண்ணாச்சி, பிள்ள அழணும்!" என்று கத்தினேன்.

அவர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு கடையிலேயே பெரிய பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடிவந்து, கனமான கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தார். பிள்ளை தூக்கிப்போட்டு விழித்துக் கத்தியது பாருங்கள், அந்த வீறல் ஆற்றின் தென்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அவள் ரிசீவரை அதன் வாய்க்கு நேரே பிடித்தாள். தெருவில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

கொஞ்சம் பொறுத்து ரிசீவரைத் தன் காதில் வைத்தாள். அவள் புருவம் சுருங்கியது. "யாரோ பேசுதாவ அக்கா" என்று என்னிடம் பைய சொன்னாள். "இந்தியில என்னமோ சொல்லுதாவ. இப்ப வேற ஒருத்தர். ஒருத்தர் சிரிக்காரு. ஒருத்தர் அழுத மாதிரி இருக்கு." மறுபடி பிள்ளையின் வாயருகே பிடித்தாள், மறுபடி தன் காதில் வைத்தாள். கடைசியாக அவள் கணவரின் குரல் வந்திருக்க வேண்டும். "சரி", "சரி", "வெரசா வாங்க" என்றாள். லைன் முடிந்தது.

வெளியே வந்தபோது கூட்டம் வாய் திறக்காமல் நின்றது. கேட்கவும் பயம். அண்ணாச்சிதான் தாம்பாளத்தைக் கையில் பிடித்தபடியே, "என்ன தாயீ, கேட்டுச்சாமா?" என்றார்.

"கேட்டுச்சு அண்ணாச்சி. அவிய மட்டுமில்ல. பின்னால வரிசையில நின்னவங்க அத்தன பேரும், அவங்கவங்க வீட்டுக்குப் பேசாம, ஆளுக்கு ஒருதடவ போன வாங்கிக் காதுல வச்சுக் கேட்டாவளாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அங்கயும் நம்ம பஜார்தாங்க்கா இருக்கு."