தனிப் பாத்திரம்

லிஃப்ட் மெக்கானிக் தன் மகளை மற்றவர்கள் கை பட்ட சாப்பாட்டைத் தொடவிட மாட்டாராம். நாமெல்லாம் சுத்தமில்லாதவர்கள் என்று நினைக்கிறாராம். எனக்கு இதைச் சொன்னவர் சலூன்காரர். அவருக்கு வேறு யாரோ சொன்னார்களாம். இத்தனை 'ராம்'களை நம்பிப் பாதிப் பேர் அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டிருந்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான்: அந்தச் சிறுமிக்கு நிலக்கடலை ஆகாது. எப்போதோ யாரோ தந்த பிஸ்கட்டைத் தின்று, உதடு வீங்கி, மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிலிருந்து எங்கள் சங்கக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் மாதச் சாப்பாட்டுக்கு அவர் தானே சூப் வைத்து, மூடிக்கு டேப் ஒட்டி எடுத்து வருவார். தாய் இல்லாத பிள்ளை. நகக்கண்ணில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் காய் நறுக்குவாராம். இந்த 'ராம்' அவளே எனக்குச் சொன்னது.

"எங்களோட சாப்பிட்டா என்ன குறைஞ்சிடும்? உங்க பொண்ணு என்ன மகாராணியா?" என்பார் பரிமாறும் தையல்கார அக்கா.

"ராணிதாங்க்கா. கடலை பட்டா மட்டும் கிரீடம் கழண்டு விழுந்துடும்."

முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு கெஞ்சினார். கடைசியில் சமையலறைச் சுவரில் எழுதியே ஒட்டினார். அதன்மேல் யாரோ கைப்பிடித் துணியைத் தொங்கவிட்டார்கள்.

"பேசாம வராமலே இருந்துடலாமே?" என்று நான் கேட்டேன்.

"அவளுக்கு ஆளுங்க வேணும்ங்க. வீட்டுல நானும் டிவியும்தான்."

பிழைக்க வந்த ஊரில் பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட எங்களுக்கும் வேறு இடம் கிடையாது.

இந்த ஞாயிறும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், மீந்த சூப்போடு கிளம்பினார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்கா பெருமையாகச் சொன்னார்: "பாவம், அவர் பாத்திரத்துல அடியில கொஞ்சம்தான் கிடந்துச்சு. சாயந்திரம் புள்ளைக்குப் பத்தாதேன்னு நம்ம சூப்பை ரெண்டு கரண்டி ஊத்தி மூடிட்டேன். கேட்டா வேணாம்னு கூச்சப்படுவாரு, அதான் சொல்லல."

எங்கள் கூடத்தில் யாரையும் காலிப் பாத்திரத்தோடு அனுப்பும் வழக்கமில்லை.

"அக்கா, நம்ம சூப்புல கடலை அரைச்சு விட்டிருக்கு."

"அது கொஞ்சூண்டுதானே. கொதிச்சா போயிடாதா?"

"போகாதுக்கா. எத்தனை வாட்டி சொன்னாரு!"

"நான் நல்லதுக்குத்தானே…" என்றவர் பாதியில் நிறுத்தினார். சோப்பு நுரையைப் புடவையில் துடைத்தபடியே வாசலைத் தாண்டி, நாலு தெரு தள்ளியிருக்கும் மெக்கானிக் வீட்டை நோக்கி ஓடினார்.

நான் ஈரக் கையோடு போனை எடுத்து மெக்கானிக்கை அழைத்தேன். மகளுக்குப் பொழுது சாயுமுன்பே சாப்பாடு போட்டுவிடுகிறவர் அவர். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.