டோல்கேட்டில் இறங்கியவர்

மரத்தூளும் சவுக்காரமும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாத இயந்திர எண்ணெயின் வாசனை நைனாவின் கைகளில் எப்போதும் இருக்கும். சைக்கிளின் முன்கம்பியில், பழைய துண்டைச் சுற்றி வைத்த இடத்தில் நான் உட்கார்ந்ததும், என் இரண்டு பக்கமும் அந்தக் கைகள் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் கேரியரில் சூசை மாமா. அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்ப் பக்கம் தினமும் காலையில் போன சவாரி அது. நைனாவும் சூசை மாமாவும் ஒரே தெருக்காரர்கள், ஒரே தொழிற்சாலையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். கடல்காற்று எதிர்த்து அடிக்கிற நாட்களில் மாமா பின்னால் உட்கார்ந்தபடியே பெடலில் காலைக் கொடுத்து மிதிப்பார். என் பள்ளிக்கூடம் தொழிற்சாலைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்ததால் எனக்கும் இந்த ஓசிச் சவாரி கிடைத்தது.

அந்தக் காலத்தில் சைக்கிளில் "டபுள்ஸ்" போவது குற்றம். பிடித்தால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டுக் கேஸும் எழுதுவார்; முன்கம்பியில் உட்காரும் சின்னப் பிள்ளையை மட்டும் கணக்கில் சேர்க்கமாட்டார். வழியில் டோல்கேட்டில் எப்போதும் ஒரு போலீஸ்காரர் நிற்பார். அதனால் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே மாமா குதித்து இறங்கி, ஒன்றும் தெரியாதவர்போல நடந்து அவரைக் கடப்பார். நைனா அப்பால் சோடாக்கடை ஓரமாகக் காலூன்றிக் காத்திருப்பார். "இன்னா மாமு, போலீஸ்காரரு உன்ன வெசாரிச்சாரு" என்று சொல்லிக்கொண்டே மாமா தாவி ஏறுவார். தினமும் அதே பேச்சுதான், தினமும் நான் சிரிப்பேன்.

பிறகு நைனாவை சூப்பர்வைசராகப் போட்டார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு "கன்பர்ம்" செய்வார்களாம். சரியில்லை என்றால் பழையபடி மெஷினுக்கே போக வேண்டியதுதான். அந்த ஆறு மாதமும் எங்கள் வீடு பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கிற வீடுபோல ஆகிவிட்டது. அம்மா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாள். நைனா பீடியை விட்டார். கண்ணாடி முன் நின்று "குட் மார்னிங் சார்" சொல்லிப் பழகினார். அந்த நேரத்தில் அவருக்கு வேறு யாருடைய குரலோ வந்துவிடும், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். ஒருநாள் அவர் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "ஆளுங்களோட தோள்ல கை போட்டுகினு வந்தா எவன் உன் பேச்ச கேப்பான்னு மானேஜர் கேக்கறாரும்மே. நல்ல பேரு வாங்கணும்."

மறுநாள் டோல்கேட்டில் சூசை மாமா வழக்கம்போல இறங்கினார். நைனா சோடாக்கடையில் நிற்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, "நைனா, மாமா வரல" என்றேன். "கம்முனு வா" என்றார். அவர் கைக்கு அடியில் தலையை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். மாமா சோடாக்கடை பக்கம் வந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, புரியாத விழிப்புதான் இருந்தது.

அதற்குப் பிறகும் சில நாள் அவர் டோல்கேட் வரைக்கும் எங்களோடு வந்தார். எதுவும் கேட்கவில்லை, இறங்கி மீதித் தூரத்தை நடந்தார். நடந்து போனால் தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர முடியாது. தாமதமாக வருகிறவர்களைக் குறித்து வைப்பது சூப்பர்வைசரின் வேலை. பாதி வழியில் இறக்கிவிட்டு வந்த நைனாவே கேட்டில் நின்று அவருக்கு "லேட்" போட்டார். மாமாவின் கூலியில் பிடித்தம் விழுந்தது.

மாமாவின் மனைவி வந்து சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு இது தெரியும். "ரெண்டு பேரும் ஒண்ணாதானேக்கா போறாங்க? இவருக்கு மட்டும் எப்டி லேட்டாவுது?" என்று அவர் கேட்டார். வம்புக்காக அல்ல, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அம்மா அடுப்பை ஊதுவதுபோலக் குனிந்துகொண்டாள். எனக்கு விடை தெரியும். நைனா வந்ததும், "ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றாள் அம்மா. "ஒத்தனுக்கு வுட்டுக்குடுத்தா அல்லாரும் கேப்பானுங்க. கன்பர்ம் ஆவட்டும், அப்பறம் அவன நான் பாத்துக்கறேன்" என்றார் நைனா. கன்பர்ம் ஆகிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பி, நானும் மாதா கோயிலில் முழங்கால் போட்டு வேண்டினேன். சூசை மாமா அதற்குள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டு, விடியற்காலையிலேயே நடந்து போக ஆரம்பித்திருந்தார்.

கன்பர்ம் ஆனது. அடுத்த நாள் காலையில் நைனா சீக்கிரமே கிளம்பினார். டோல்கேட்டுக்கு அப்பால் சாலையோரமாக நடந்துகொண்டிருந்த மாமாவின் பக்கத்தில் பிரேக் போட்டு, "ஏறு மாமு" என்றார். மாமா சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நீங்க போங்க சார். நான் இப்பல்லாம் விடியசொல்லவே கெளம்பிடறேன். டைமுக்கு வந்துடுவேன் சார்" என்றார். அவர் குத்திக்காட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மரியாதையாகச் சொன்னார், அவ்வளவுதான். நைனா பெடலை மிதித்தார்.

பல வருஷம் கழித்து சூசை மாமா ஓய்வு பெற்ற அன்று நாங்களும் தொழிற்சாலைக்குப் போயிருந்தோம். அதற்குள் ஃபோர்மேனாகிவிட்ட நைனாதான் பாராட்டிப் பேசினார். "நேரந்தவறாமைக்கு இந்த டிபார்ட்மெண்டில் சூசையைத்தான் உதாரணம் காட்ட வேண்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மாலையோடு நின்ற மாமா எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அம்மாவும் நானும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று டோல்கேட்டில் தலைக்கு மேல் மெட்ரோ ஓடுகிறது. தொழிற்சாலை இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. சங்குச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். நைனாவும் இல்லை, சூசை மாமாவும் இல்லை. நைனா வாங்கிய நல்ல பெயர் மட்டும் இருக்கிறது. அதனால் வந்த சம்பளத்தில்தான் நான் படித்தேன், அதை வைத்துத்தான் எனக்குத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. தெருவில் பழைய ஆட்கள் யாராவது என்னை நிறுத்தி, "உங்க நைனா எம்மாம் நல்ல பேரு எடுத்தாரு" என்று ஆரம்பித்தால், அவசரமாகப் போகவேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு நடந்துவிடுகிறேன்.