நாலு கை அம்மன் நின்ற ஊர்ப் பலகை

ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படம் பிடிப்பது என் பைத்தியம். சில ஊர்க்காரர்கள் பெயரோடு தங்கள் ஊர்க் கதையையும் வரைந்து வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று கிரிவலப் பாதையில் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, 2005 செப்டம்பரில் திருவண்ணாமலை போனேன். பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள் என்பதால் கூட்டம் இல்லை.

காலை 6.20க்குப் பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன். எண்பது கேட்டவர் அறுபதுக்கு வந்தார். அடி அண்ணாமலை தாண்டி ஒரு கிளைச்சாலை முனையில் இறக்கிவிட்டார். ஆளுயர சிமெண்டுப் பலகை. அதில் உடைந்த ஏரிக்கரை, பாயும் தண்ணீர், மண்மூட்டையோடு நாலு கையுடன் ஒரு பெண். கீழே குங்குமம், கற்பூரக் கரி. ஏரி காத்த அம்மன் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்.

எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த வசந்தா என்ற பெண் சிரித்துவிட்டார்.

"அது சாமி இல்லீங்க. எங்க அக்கா, என் வூட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். பின்னாடி இருக்கிற ரெண்டு கையும் என்னுது."

கரை உடைந்த அன்று, ஊர் வந்து சேரும்வரை மூட்டை அடுக்கித் தண்ணீரை மறித்தது இந்த ஓரகத்திகள் இருவரும்தானாம். பெயின்டர் மூத்தவரை மட்டும் வரைந்துவிட்டார். வசந்தா சண்டை போட்டதும், இடமில்லை என்று கைகளை மட்டும் சேர்த்தார். அடுத்த பௌர்ணமிக்கே பக்தர்கள் சூடம் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சூடம் விற்றதும் வசந்தாதான்!

"வியாபாரம் ஜாஸ்திதான். ஆனா என் பொண்ணு, 'உன் மூஞ்சி எங்கம்மா?'னு கேக்குது. மறுபடி வரையலாம்னா, சாமிய அழிக்கக் கூடாதுன்றாங்க ஊர்ப் பெரியவங்க."

சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது.

மாசியில் மறுபடி போனேன். பலகையில் இரண்டு பெண்கள், இரண்டு முகங்கள். பொங்கலுக்கு முன்னால் மூத்தவரே சுண்ணாம்பு வாளியோடு வந்தாராம். "என் மூஞ்சிதானே, நானே அழிக்கிறேன்" என்று ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாராம். அதன் மேல்தான் பெயின்டர் இருவரையும் புதிதாக வரைந்தாராம்.

"இப்ப சூடம் யாரும் வாங்கறதில்லீங்க" என்றார் வசந்தா. குரலில் வருத்தமே இல்லை.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போங்கள். அதன் பிறகு வெயிலில் படம் சரியாக விழாது. கிரிவலம் முழுவதும் பதினாலு கிலோமீட்டர் நடப்பதானால் தண்ணீர் அவசியம். வசந்தா கடையில் கோலி சோடா மூன்று ரூபாய். குடித்துக்கொண்டே பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கதானே அது?" என்று கேளுங்கள். அதற்காகவே கடைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.