போர்டில் வந்தவர்கள்

“...அதுலயும் நீ கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு நிக்கிற! எங்க வீட்டுக்காரரு செத்ததுக்கு அழுகுற மூஞ்சியாய்யா இது?”

சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில், டீக்கடையை ஒட்டிக் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போர்டுக்குக் கீழே நின்று, அதில் கூலிங் கிளாஸோடு படத்தில் இருந்தவரிடமே கேட்டார் எங்கள் எதிர்வீட்டு மதினி. எழுபதைத் தொட்டவர். போர்டின் நடுவில் அவர் கணவரின் பெரிய படம். சுற்றிலும் டீக்கடைக் கூட்டாளிகளின் படங்கள், வரிசை வரிசையாக.

மதினியின் கணவர் எங்களுக்கெல்லாம் அண்ணன்; லாரி ஓட்டி ஓய்ந்தவர். அந்த டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு உலகம். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் கட்டிலோடு சரி. டாக்டர் மதினியிடம் உடைத்தே சொன்னார்: “மாத்திரை பாதிதாம்மா. நாலு பேரு வந்து பேசட்டும். தனியா விட்டீங்கன்னா மனுசன் தேற மாட்டாரு.” மதினி அதை அப்படியே டீக்கடையில் போய்ச் சொன்னார். “வாரோம் மதினி, அண்ணனப் பாக்காம இருப்பமா?” என்றார்கள்.

அண்ணன் காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் போனால் முகம் மலரும். உடனே கண் என் முதுகுக்குப் பின்னால் தேடும். “தம்பி, நீ மட்டுந்தானா?” பெஞ்சு கூப்பிடு தூரம்தான். அவர்கள் சிரிப்பது கட்டில்வரை கேட்கும். கொஞ்ச நாளில் சவரத்தை விட்டார். பிறகு சோற்றை விட்டார். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் செத்தார்.

மறுநாளே போர்டு எழும்பிவிட்டது. எங்கள் பக்கம் இதற்கு மட்டும் எவருக்கும் நேரமில்லாமல் போவதில்லை. ‘நல்ல போட்டோவா அனுப்புய்யா’ என்று போனில் ஒருவரை ஒருவர் விரட்டியதை நானே கேட்டேன்.

கூலிங் கிளாஸ்காரர் நெளிந்தார். “அண்ணன அந்தக் கோலத்துல பாக்க மனசு வரல மதினி. உங்களுக்கு ஒண்ணுன்னா அம்புட்டுப் பேரும் வந்து நிப்போம்.”

“எனக்கும் போர்டு கட்டவா கொழுந்தனாரே?”

மதினி கடைக்குள் போய், பால் பாக்கெட் வெட்டும் கத்தரியை எடுத்துவந்தார். பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறினார். அண்ணன் படத்தை மட்டும் சுற்றி வெட்டினார். மற்ற முகங்களில் கத்தரி படவில்லை. வெட்டியதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.